துடிக்க வேண்டியது இதயம், துடிப்பதோ வயிறு!

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்துள்ள சாமளாபுரத்தில் இரவென்றும் பகலென்றும் பாராமல் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். சோமனூர், காரணம்பேட்டை, மங்கலம் என்று எத்திசையில் சென்றாலும் அதே தடதடப்புத்தான். அந்த ஓசையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதுவே தாலாட்டு. தறி ஓடும்போது உறங்குவார்கள். தறி நின்றால் விழித்துக்கொள்வார்கள்!

அத்தகைய ஊரில் ஒரு வீட்டை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். நாற்பதாண்டுக் காலம் தறியோடு வாழ்ந்த ஒரு பெரியவர். சில மாதங்களாக அவருக்குத் தலைசுற்றல். ஒருநாள் உளூச் செய்ய அமர்ந்த இடத்திலேயே மயங்கிச் சாய்ந்துவிடுகிறார். கோவைக்குக் கொண்டு செல்கிறார்கள். நாடித் துடிப்பு நிமிடத்திற்கு 35தான் இருக்கிறது என்று கண்டறிந்த மருத்துவர்கள், இடப்புறத் தோள்பட்டைக்குக் கீழே பேஸ்மேக்கர் பொருத்தி அனுப்பிவைக்கிறார்கள். வீடே மகிழ்கிறது.

பத்து நாட்கள் கழிகின்றன. இரவில் இடப்பக்கமாகப் படுத்தால், விலா எலும்புக்குக் கீழே ஏதோ 'துடுக் துடுக்' என்று அடித்துக்கொள்கிறது. விட்டுவிட்டு விக்கல் வருகிறது. பெரியவருக்கு உறக்கமில்லை.

"ஏங்க, இன்னும் தூங்கலையா?"

"விலாவுக்குக் கீழே என்னமோ துடிச்சுக்கிட்டே இருக்குது."

"வாயுவாத்தான் இருக்கும். சுக்கும் ஓமமும் தட்டிப் போட்டுக் கஷாயம் வெச்சுத் தர்றேன்."

காலையில் மகன் சொல்கிறான்: "அத்தா, மெஷின் நல்லா வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம். பயப்படாதீங்க!" அண்டை வீட்டுக்காரர் சொல்கிறார்: "யாராவது ஹஜ்ரத்தை அழைச்சு ஓதிப் பார்க்கலாமே!"

இது குறிப்பிட்ட எந்தக் குடும்பத்தின் கதையும் அன்று. பேஸ்மேக்கர் பொருத்தியவர் இருக்கும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. மூவர் சொன்னதும் அன்பினால் சொன்னவையே. ஓதிப் பார்ப்பதால் மனம் ஆறுதல் பெறும், அதில் குறையில்லை. ஆனால் அத்தோடு நின்றுவிட்டால்தான் ஆபத்து. ஏனெனில் அந்தத் துடிப்பு வாயுவும் அன்று. இயந்திரம் செம்மையாக இயங்குவதற்கு அடையாளமும் அன்று. இதயத்திற்குச் செல்ல வேண்டிய மின்சாரம் வழிதவறி, அருகிலுள்ள ஒரு நரம்பையும் தொட்டுவிட்டது என்னும் செய்தி அது!

இயந்திரம் செய்யும் வேலை

நம் இதயத்தின் வலப்புற மேலறையில் இயற்கையான ஒரு மின்நிலையம் இருக்கிறது. அங்குத் தோன்றும் நுண்ணிய மின்தூண்டல் மேலறைகளைச் சுருங்கவைத்து, நடுவேயுள்ள ஒரு வாயிலைக் கடந்து, கீழறைகளுக்குப் பரவுகிறது. நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை இவ்வாறு நடப்பதையே நாடித் துடிப்பாக உணர்கிறோம். முதுமையினாலோ நோயினாலோ அந்த மின்நிலையம் சோர்ந்துபோகலாம். அல்லது நடுவாயில் அடைபட்டுப் போகலாம். அப்போது துடிப்பு முப்பது, நாற்பது என்று தாழ்கிறது. மூளைக்குப் போதிய இரத்தம் செல்லாமல் மயக்கம் வருகிறது.

இக்குறையை நிறைவு செய்வதே பேஸ்மேக்கர். தீப்பெட்டியை ஒத்த சிறிய உலோகப் பெட்டி. அதனுள் மின்கலமும் மின்னணுச் சுற்றும். அதிலிருந்து புறப்படும் மெல்லிய கம்பி, இரத்தக் குழாய் வழியாகச் சென்று இதயத்தின் உட்சுவரில் ஊன்றி நிற்கிறது. இயற்கைத் துடிப்பு தாமதிக்கும் போதெல்லாம் இயந்திரம் சிறிய மின்தூண்டல் ஒன்றை அனுப்புகிறது. அதன் அளவு பெரும்பாலும் இரண்டு மூன்று வோல்ட். அது நீடிப்பதோ ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான நேரம். பொருத்தியவருக்கு அது தெரியவே கூடாது. தெரிந்தால் ஏதோ கவனிக்கத்தக்கது இருக்கிறதென்று பொருள்.

குறுக்கே செல்லும் நரம்பு

நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் நடுவே குடைபோல விரிந்திருக்கும் தசைக்கு உதரவிதானம் என்று பெயர். அது கீழிறங்கும்போது மூச்சை உள்ளிழுக்கிறோம், மேலெழும்போது வெளிவிடுகிறோம். அது திடீரெனச் சுண்டி இழுத்தால் விக்கல்! இத்தசையை ஆட்டுவிப்பது பிரெனிக் நரம்பு. வலத்திலொன்றும் இடத்திலொன்றுமாக இரண்டு இருக்கின்றன.

வயிற்றின் எல்லையில் உள்ள தசைக்கான நரம்பு கழுத்திலிருந்து புறப்படுகிறது என்பது வியப்பன்றோ? கழுத்து முள்ளெலும்புப் பகுதியில் தோன்றும் இந்நரம்புகள் நெஞ்சறை முழுவதையும் கடந்து கீழிறங்குகின்றன. வழியில் வலப்புற நரம்பு இதயத்தின் வலப்புற மேலறையை ஒட்டிச் செல்கிறது. இடப்புற நரம்பு இடப்புறக் கீழறையின் வெளிச்சுவரைத் தழுவிச் செல்கிறது. இதயத்தின் சுவரோ சில இடங்களில் மிக மெல்லியது. கம்பியின் நுனி அத்தகைய இடத்தில் அமைந்துவிட்டால், இதயத்திற்கென அனுப்பிய மின்சாரம் சுவரைக் கடந்து நரம்பையும் தூண்டிவிடுகிறது. ஒவ்வொரு தூண்டலுக்கும் உதரவிதானம் ஒருமுறை சுண்டுகிறது. வயிறு துடிப்பதும் விக்கல் எழுவதும் இதனால்தான்.

சிலருக்கு வயிறு துடிப்பதில்லை. இயந்திரம் புதைத்த இடத்தில் மார்புத் தசை துடிக்கிறது. கம்பியின் மேலுறை சிதைந்து மின்சாரம் கசிந்தாலோ, இயந்திரப் பெட்டியின் உலோக உடலையே மின்முனையாகப் பயன்படுத்தும் முறையில் அமைத்திருந்தாலோ இவ்வாறு நேரலாம்.

இதயம் மிகவும் தளர்ந்தவர்களுக்கு, இரு கீழறைகளையும் ஒருசேரத் துடிக்கவைக்கும் வேறொரு வகைப் பேஸ்மேக்கரைப் பொருத்துகிறார்கள். அதன் ஒரு கம்பி இடப்புறக் கீழறையின் வெளிப்பரப்பில் ஓடும் சிரைக்குள் செல்ல வேண்டும். பிரெனிக் நரம்பு செல்வதும் அதே பாதைதான்! எனவே இவ்வகை இயந்திரத்தில் வயிற்றுத் துடிப்புத் தொல்லை கூடுதலாகவே காணப்படுகிறது.

பழைய தொல்லை

மின்சாரம் தசையைத் துடிக்கவைக்கும் என்பதை இத்தாலிய அறிஞர் கால்வானி, தவளையின் காலைக் கொண்டு செய்த சோதனைகளின் வழியே 1791ஆம் ஆண்டு உலகிற்கு அறிவித்தார். 1952இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் பால் ஜோல், மார்பின் மீது மின்முனைகளை வைத்து, நிற்க இருந்த இதயத்தைத் துடிக்கச் செய்து காட்டினார். உயிர் காத்த அந்த மின்சாரம் மார்பிலுள்ள தசைகளையும் நரம்புகளையும் சேர்த்தே உலுக்கியது. நோயாளிகள் வலியால் துடித்தார்கள். ஆக, வழிதவறிய தூண்டல் என்னும் தொல்லை பேஸ்மேக்கருடன் கூடப் பிறந்தது எனலாம்!

அக்காலக் கருவிகள் சுவரிலுள்ள மின் இணைப்பை நம்பியிருந்தன. 1957 அக்டோபர் 31 அன்று மினியாபொலிஸ் நகரில் மின்வெட்டு ஏற்பட்டது. மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பது தறிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கு நிற்க இருந்ததோ குழந்தைகளின் இதயங்கள்! அறுவை நிபுணர் லில்லெஹை வேண்டிக்கொண்டபடி, ஏர்ல் பாக்கன் என்ற பொறியாளர் சில வாரங்களிலேயே மின்கலத்தால் இயங்கும் சிறு பெட்டியைச் செய்து கொடுத்தார்.

1958 அக்டோபர் 8 அன்று சுவீடன் நாட்டில் ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள்ளேயே முதல் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. பொறியாளர் எல்ம்க்விஸ்ட் அதை உருவாக்கினார். மருத்துவர் சென்னிங் பொருத்தினார். நாள்தோறும் பலமுறை மயங்கி விழுந்துகொண்டிருந்த கணவருக்காக, லார்சனின் மனைவி இவ்விருவரையும் விடாமல் வற்புறுத்தியதன் பயனே அது. முதல் இயந்திரம் சில மணி நேரமே உழைத்தது. அதன்பின் ஒன்று மாற்றி ஒன்றாக 26 பேஸ்மேக்கர்களோடு வாழ்ந்த லார்சன், 2001இல் தமது 86ஆம் வயதில்தான் மறைந்தார். அன்று முயற்சி எடுத்தவர் வீட்டுக்காரர்தான் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்!

தார் சுற்றிக்கொள்ளும் கம்பி

1968இல் கனடா நாட்டு மருத்துவர்கள் விசித்திரமான ஒரு நிகழ்வை எழுதி வெளியிட்டார்கள். பேஸ்மேக்கர் பொருத்திய ஒருவரின் தோலுக்கடியில், அந்தப் பெட்டி பலமுறை சுழன்றிருந்தது. தோலுக்கு மேலிருந்து விரல்களால் அதைத் திருகிக்கொண்டே இருந்ததன் விளைவு அது. தார்க்குச்சியில் ஊடை நூல் சுற்றிக்கொள்வதைத் தறிக்காரர்கள் அறிவார்கள். அதுபோலவே பெட்டி சுழலச் சுழலக் கம்பி அதைச் சுற்றிக்கொண்டு, இதயத்தில் ஊன்றிய நுனி மேலே இழுபட்டுவிடுகிறது.

இவ்வாறு கம்பி மேலேறும் பாதையை நோயாளியின் உடலே காட்டிக்கொடுக்கக்கூடும். நுனி பிரெனிக் நரம்பின் அருகே வரும்போது வயிறு துடிக்கும். இன்னும் மேலேறித் தோளருகேயுள்ள கை நரம்புகளை எட்டினால் கையே தாளத்திற்கு ஆடுவதுபோல் துடிக்கும். அந்நேரத்தில் இதயத்திற்கு மின்தூண்டல் கிட்டுகிறதா? கிட்டுவதில்லை! துடிப்பு மீண்டும் முப்பதுக்கும் நாற்பதுக்கும் தாழ்ந்துவிடலாம். 'துடிப்பது தெரிகிறது, ஆகவே இயந்திரம் வேலை செய்கிறது' என்று எண்ணி இருந்துவிடுவதன் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. இயந்திரம் வேலை செய்யத்தான் செய்கிறது. ஆனால் அது துடிக்கவைப்பது வயிற்றை, இதயத்தை அன்று!

எல்லாருமே வேண்டுமென்று திருகுவதில்லை. தோல் தளர்ந்த முதியவர்களுக்கும், உடல் பருத்தவர்களுக்கும் பெட்டி தானாகவே சுழலக்கூடும். உறக்கத்தில் கை தன்னையறியாமல் அங்குச் செல்வதுமுண்டு.

கத்தியின்றித் தீரும் குறை

"மறுபடியும் அறுவைச் சிகிச்சையா?" என்ற அச்சத்தினாலேயே பலர் இதனை மருத்துவரிடம் சொல்லத் தயங்குகிறார்கள். அந்த அச்சம் பெரும்பாலும் தேவையற்றது.

இதயத்தைத் துடிக்கவைக்க 1 வோல்ட் போதும், நரம்பைத் தூண்ட 3 வோல்ட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக ஊன்றிய கம்பியைச் சுற்றிப் புண் ஆறும் வரை தேவை கூடலாம் என்பதால், முதல் சில வாரங்களுக்கு இயந்திரத்தைச் சற்றுக் கூடுதலாக, மூன்றரை வோல்ட் அளவில் வைத்திருப்பார்கள். வயிறு துடிக்கிறது. மருத்துவர் அதனை 2 வோல்ட்டாகக் குறைக்கிறார். இதயத்திற்குப் போதுமான அளவு; நரம்பை எட்டாத அளவு. துடிப்பு நின்றுவிடுகிறது!

இதற்குக் கத்தி வேண்டாம், ஊசியும் வேண்டாம். மார்பின் மீது ஒரு சிறு கருவியை வைத்து, கணினி போன்ற பெட்டியின் மூலம் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். மின்தூண்டல் நீடிக்கும் நேரத்தைக் குறைப்பதும், எந்த மின்முனையிலிருந்து எந்த மின்முனைக்குச் செல்ல வேண்டும் என்பதை மாற்றுவதும் பிற வழிகள். 2010க்குப் பின் பரவலான நான்கு மின்முனைக் கம்பிகள், இடப்புறக் கீழறைக்கான பேஸ்மேக்கரில் இத்தகைய மாற்றங்களுக்கு நிறைய இடம் தருகின்றன. எக்ஸ்ரே படத்தில் கம்பி இடம்பெயர்ந்திருப்பது தெரிந்தால், அதை மீண்டும் உரிய இடத்தில் ஊன்ற வேண்டிவரும். அதையும் எவ்வளவு விரைவில் செய்கிறோமோ அவ்வளவு நன்று. தானே அளவைக் குறைக்கச் சொல்லி வற்புறுத்துவது மட்டும் கூடாது. மிகவும் குறைத்தால் இதயத்திற்கே போதாமற் போய்விடும். எல்லையை மருத்துவர்தாம் அறிவார்.

நரம்புத் தூண்டல் எல்லா இடத்திலும் தொல்லையன்று. கழுத்தெலும்பு முறிந்து, தானாக மூச்சுவிட இயலாமற்போனவர்களின் உதரவிதானத்தை மின்சாரத்தால் இயக்கி மூச்சுவிடச் செய்யும் கருவிகளும் இருக்கின்றன. 'சூப்பர்மேன்' திரைப்பட நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 1995இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்து முறிந்தபின், 2003இல் அத்தகைய கருவியைப் பெற்றார். ஒருவருக்கு உறக்கத்தைக் கெடுக்கும் அதே தூண்டல், இன்னொருவருக்கு உயிர்மூச்சு!

தொழுகையும் தோளும்

நம் குடும்பங்கள் குறிப்பாக அறிய வேண்டியவை இரண்டு.

முதலாவது, இத்துடிப்பு உடல் இருக்கும் நிலையைப் பொறுத்தது. பேஸ்மேக்கர் பொருத்தும்போதே, மின்னளவைக் கூட்டி வயிறு துடிக்கிறதா என்று மருத்துவர்கள் சோதிப்பது வழக்கம். ஆனால் அப்போது நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். வீட்டிற்கு வந்து இடப்பக்கம் சாய்ந்து படுக்கும்போதோ, ருகூவிலும் ஸுஜூதிலும் குனியும்போதோ இதயமும் நரம்பும் சற்று நெருங்க, துடிப்பு தோன்றலாம். நிமிர்ந்தால் நின்றுவிடும். எனவே மருத்துவரிடம் "வயிறு துடிக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், "ஸுஜூது செய்யும்போது துடிக்கிறது", "இடப்பக்கம் படுத்தால் துடிக்கிறது" என்று விளக்கிச் சொல்லுங்கள். மருத்துவர் பிற சமயத்தவராக இருப்பின், எவ்வாறு குனிகிறோம் என்பதை அவர் முன்னிலையிலேயே செய்து காட்டுங்கள். அந்த நிலையில் இருக்கும்போதே சோதித்து அளவைத் திருத்துவது அவருக்கு எளிதாகும்.

இரண்டாவது, முதல் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை பேஸ்மேக்கர் உள்ள பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்த வேண்டாமென மருத்துவர்கள் அறிவுறுத்துவது வழக்கம். கம்பி நன்கு ஊன்றும் வரை அது இழுபடாதிருக்கவே இவ்வெச்சரிக்கை. தக்பீருக்குக் கையை எவ்வளவு உயர்த்தலாம், ஸுஜூதில் கையூன்றி எழலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டு, அதன்படி ஆலிம்களிடம் விளக்கம் பெறுங்கள். இயலாதவர் அமர்ந்தும் சைகையாலும் தொழ மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. அதே வேளையில் கையை முற்றிலும் அசைக்காமல் கட்டிப்போடுவதும் தவறு, தோள்மூட்டு இறுகிவிடும். தோளுக்குக் கீழே கை இயல்பாக இயங்கட்டும். தறியில் பாவு ஏற்றுவது, மூட்டை தூக்குவது போன்ற வேலைகளுக்கு மட்டும் மருத்துவரின் அனுமதி கிடைக்கும் வரை விடை கொடுங்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம்

பேஸ்மேக்கர் பொருத்தியவரின் மணிக்கட்டில் நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணக் குடும்பத்தில் ஒருவராவது பழகிக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் குறைந்தபட்ச வேகம் எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டு, அதற்குரிய அட்டையோடு எழுதி வையுங்கள். வயிறு துடிக்கும்போது ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் நாடியையும் தொட்டுப் பாருங்கள். வயிறு அறுபது முறை துடிக்க, நாடி நாற்பதே துடித்தால் காலம் தாழ்த்தாதீர்கள், கம்பி இடம்பெயர்ந்திருக்கலாம்.

மயக்கம், தலைசுற்றல், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, காய்ச்சல், பெட்டி உள்ள இடத்தில் வீக்கம் அல்லது சிவப்பு, கை துடிப்பது ஆகியவற்றுள் எது சேர்ந்து வந்தாலும் அன்றே, அப்போதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாடி சரியாக இருந்து வயிறு மட்டும் துடித்தாலும், அடுத்த பரிசோதனை நாள் வரட்டும் என்று காத்திராமல் பேஸ்மேக்கர் பொருத்திய மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். எல்லா விக்கலும் இயந்திரத்தால் வருவதன்று. மெலிந்தவர்களுக்குப் பெருந்தமனியின் இயல்பான துடிப்பும் வயிற்றில் தெரியும். எது எதுவென்று பிரித்தறிவது மருத்துவரின் வேலை. சொல்வது நம் வேலை.

பெரும்பாலும் சொல்லாமல் இருப்பவர் யார்? வீட்டிற்கு ஏற்கெனவே செலவு வைத்துவிட்டோமே என்று கூசுகின்ற பெரியவர்தாம்! மகனின் ஒருநாள் கூலி கெட்டுவிடுமே என்று அவர் இரவெல்லாம் விழித்துக் கிடப்பார். கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்பார். ஆகவே அவர் சொல்லட்டுமென்று காத்திராமல் நாமே கேட்க வேண்டும்: "அத்தா, ராத்திரி எந்தப் பக்கம் படுத்தீங்க? வயிறு துடிச்சுதா? விக்கல் வந்துதா?"

தறியின் ஓசையில் இம்மியளவு மாறுதல் வந்தாலும், எந்தத் தறியில் எந்தப் பக்கம் கோளாறு என்று நின்ற இடத்திலிருந்தே கண்டுகொள்ளும் செவிகள் சாமளாபுரத்தாருடையவை. வீட்டிலுள்ள முதியவரின் உடல் எழுப்பும் மாறுபட்ட ஓசைக்கும் அதே செவியைச் சற்றுக் கொடுப்போம். சில நிமிடத் திருத்தத்தில், இன்ஷா அல்லாஹ், அவர் இனிதே உறங்குவார். இதயமும் தன் கடமையைச் செய்யும்.